தெருக்குத்து வீடு

கடலூர்,
14.2.2025

அன்புத் தம்பி பழனிவேலுக்கு,

அக்கா தங்கம்மாள் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். காது மட்டும் போன மாதத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி மந்தம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயா?

போனில் சொல்லலாம் என்றால், பக்கத்தில் கொண்டு போனதும் காது மிஷின் விசில் அடிக்கிறது. போன வாரம் நீ வெகு நேரம் என்னவோ சொன்னாய், நானும் சரி சரி என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. வாட்ஸப்பிலோ ரோஜாப்பூவும் காலை வணக்கமும் தவிர உனக்கு எதுவும் அனுப்பத் தெரியாது. நமக்குத் தபால்காரர்தான் லாயக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். மாநகராட்சியிலிருந்து டேப்போடு வந்து எங்கள் தோப்புத் தெருவை அளந்தார்கள். லாரன்ஸ் ரோட்டு நெரிசல் தாங்க முடியவில்லையாம். எங்கள் தெருவை நீட்டி நெல்லிக்குப்பம் ரோட்டோடு சேர்த்துவிட்டால் பாதி வண்டி இந்தப் பக்கம் திரும்பிவிடுமாம். எங்கள் தெரு எங்கே முடிகிறது? என் வாசலில். நேராக நீட்டினால் ரோடு என் கூடத்துக்குள் நுழைந்து அடுப்படி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மதிலில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வந்த இன்ஜினியர் சின்னப் பெண், கயல்விழி என்று பெயர். "இன்னும் எதுவும் முடிவாகலம்மா, ஆட்சேபணை கேட்டுத்தான் செய்வாங்க" என்று என் காதருகே குனிந்து சொன்னாள். நல்ல பெண்தான். ஆனாலும் உன் மாமா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் சிவப்புப் பெயிண்டைப் பார்த்ததும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பதில் எழுது.

உன் அக்கா,
தங்கம்மாள்

சிதம்பரம்,
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டர் கிடைத்தது. இங்கே நான் சுகம். முழங்காலும் சுகம் மாதிரிதான், படி ஏறும்போது மட்டும் அதற்கு ஞாபகம் வருகிறது. உன் காதுக்கு அந்த டாக்டரிடம் மறுபடி போ.

அக்கா, மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்காதே. அந்த ரோடு வர வேண்டிய ரோடுதான். ஆயுசில் பாதியைக் கடலூர் – சிதம்பரம் பஸ்ஸில் விசில் ஊதியே கழித்தவன் நான். சிதம்பரத்தில் ஏறிய ஆள் முதுநகர் வரை நிம்மதியாகத் தூங்கி வருவான். ஊருக்குள் நுழைந்து வண்டி நின்றதும் விழித்துக்கொண்டு, நானே நடுரோட்டில் படுத்து மறித்த மாதிரி என்னைத் திட்டுவான். அந்த நெரிசலில் வாங்கிய வசவெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உன் வீடு தெருக்குத்து வீடு. தெரு நேராக ஓடி வந்து வாசலில் முட்டுகிற இடத்தில் குடியிருக்கக் கூடாது என்று மாமா இடம் வாங்கியபோதே எல்லோரும் சொன்னார்கள். மாமா கேட்கவில்லை. நல்லா நடமாடிக்கொண்டிருந்த மனுஷன் ஒரு காய்ச்சலில் போய்விட்டார். உனக்கும் காது மந்தமானது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்.

இங்கே கனகசபை நகரில் கீழ் அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி போட்டாகிவிட்டது. உன் மாவுக் கிரைண்டர் வைக்கக்கூடப் பின்பக்கம் பிளக் பாயிண்ட் இழுத்திருக்கிறேன். அவர்கள் எடுக்கிறோம் என்றால் கொடுத்துவிட்டு வந்துவிடு.

அன்புத் தம்பி,
பழனிவேல்

கடலூர்,
3.3.2025

தம்பிக்கு,

நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். பிளக் பாயிண்ட் வரைக்கும் யோசித்திருக்கிறாய், சந்தோஷம். ஆனால் நான் வரவில்லை.

தெருக்குத்துக்குத்தான் மதிலில் பிள்ளையாரை வைத்திருக்கிறோமே. குத்துகிறது எல்லாம் அவர்மேல் குத்திவிட்டுப் போகட்டும். உன் மாமாவுக்கு வந்தது ஊருக்கே வந்த காய்ச்சல். தெருக்குத்து இல்லாத வீட்டிலும் ஆள் போனார்கள். உன் சம்சாரம் மங்கையர்க்கரசி போனாளே, உன் வீட்டு வாசலில் எந்தத் தெரு வந்து முட்டியது? உன் மனசு நோக எழுதவில்லையடா. வீட்டின்மேல் பழி போடாதே என்று சொல்கிறேன்.

எனக்கு இந்தத் தெரு ஏன் வேண்டும் என்று சொல்கிறேன், கேள். இது முட்டுத் தெரு. போய் வருகிற வண்டி கிடையாது. பின்னால் ஹாரன் அடித்தால் எனக்குக் கேட்காது, ஆனால் இங்கே ஹாரன் அடிக்க ஆளே இல்லை. நடுத்தெருவில் கை வீசிக்கொண்டு நடப்பேன். சாயங்காலம் மாவு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முகம் தெரிந்தவர்கள். உதட்டைப் பார்த்தே எத்தனை பாக்கெட் என்று தெரிந்துகொள்வேன். வேறு தெருவுக்குப் போனால் நான் வெறும் செவிட்டுப் பொம்பளை. இங்கே மாவுக்கார அக்கா.

பக்கத்து வீட்டு அந்தோணிசாமி அண்ணன் தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கிவிட்டார். அவர் சம்சாரம் சவரியம்மாள், ரோடு வந்தால் குறுக்கே படுப்பேன் என்கிறாள். இருபத்தாறாம் தேதி மாநகராட்சியில் கருத்துக் கேட்புக் கூட்டம். நீயும் வந்து என் பக்கத்தில் உட்காரேன். உன் குரல் ஒன்றே போதும், மைக் வேண்டாம்.

உன் அக்கா,
தங்கம்மாள்

சிதம்பரம்,
14.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று எழுதியதில் திருப்தி. நேற்று முன்தினம் மாசி மகத்துக்குக் கிள்ளைக்குப் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வந்தேன். கூட்டமான கூட்டம். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பொரி உருண்டை வாங்கி வந்தேன், பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. கால் வலி. அதோடு, ரோடு வேண்டும் என்று நினைக்கிறவன் உன் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? நீயே யோசி. வண்டி ஓடாத தெருவில் காது கேட்காமல் இருக்கலாம், சரி. ராத்திரி நெஞ்சு வலி வந்தால் யாரைக் கூப்பிடுவாய்? போனில் கூப்பிட்டாலும் அவர்கள் சொல்வது உனக்குக் கேட்காது.

இங்கே என் பிள்ளை செம்பியன் ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான். மருமகளும் பேசுகிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு வேளைக்கு வருகிறது. உனக்காகத்தான் சொல்கிறேன், வந்துவிடு.

அன்புத் தம்பி,
பழனிவேல்

சிதம்பரம்,
10.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் லெட்டரை எதிர்பார்த்தேன், வரவில்லை. கூட்டம் நடந்ததா? யார் யார் பேசினார்கள்? என்ன முடிவு சொன்னார்கள்? வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மாவு சீக்கிரம் புளித்துப் போகும், கொஞ்சமாக ஆட்டு.

பழனிவேல்

சிதம்பரம்,
5.5.2025

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் மகள் இலக்கியாவிடம் போனில் கேட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க மாமா, தினம் வீடியோவுல பாக்கறேன்" என்றாள். நன்றாக இருந்தால் ஏன் எழுதவில்லை? ஒரு கார்டாவது போடு. தினமும் தபால்காரரைக் கேட்டுக் கேட்டு, அவர் இப்போது என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் சைக்கிளைத் திருப்புகிறார்.

பழனிவேல்

கடலூர்,
19.5.2025

பழனிவேலுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். எனக்கு மந்தம் காதுதான், கண் இல்லை.

கூட்டத்தில் யார் யார் பேசினார்கள் என்று என்னைக் கேட்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். சவரியம்மாள் என்னை இடித்து, "அக்கா, உங்க தம்பி பேசறாரு. ரோடு வேணுமாம்!" என்றாள். அதோடு கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். கால் வலி என்று எழுதிய மனுஷன், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறாய். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாய். பேசி முடித்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாசல் வழியாக நழுவிவிட்டாய்.

வேண்டும் என்று நினைத்தால் பேசிவிட்டுப் போ. உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் என் தம்பி கடலூர் வந்துவிட்டு என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் போனான் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதற்கு மேல், ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஒரு லெட்டர் வேறு. தெருவில் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு ரொம்ப வருத்தம்.

தங்கம்மாள்

சிதம்பரம்,
24.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும்.

வந்தது உண்மை. ரோடு வேண்டும் என்று சொன்னதும் உண்மை. எதற்காக வந்தேன் என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல என்னால் ஆகாது. உன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று ஓடி வந்துவிட்டேன். அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியாமல் அசட்டுத்தனமாக எழுதிவிட்டேன். நீ திட்டியது சரிதான். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

உன் தம்பி,
பழனிவேல்

கடலூர்,
8.7.2025

என் தங்கத் தம்பிக்கு,

நல்லா இருக்கியாடா? நடராஜருக்கு ஆனித் திருமஞ்சனம் பார்த்தாயா? தேர் வடம் தொட்டாயா? நான் இங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்கு ஒரு குறைவும் இல்லை, இந்த லெட்டரைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

நேற்று அந்த இன்ஜினியர் பெண் கயல்விழி மறுபடி வந்தாள். நான் கும்பிடுகூடப் போடவில்லை, உம்மென்று இருந்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்குக் கூட்டத்துல ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் பேசினாரே, உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டாள். தம்பி என்றேன். வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னேன். "அவரு பேசினதைக் கேட்டீங்களா?" என்றாள். எனக்கு எங்கே கேட்டது என்றேன். அப்புறம் அவள் சத்தமாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

"ரோடு வேணும், நான் இல்லேங்கல. ஆனா அந்தக் கடைசி வீடு நிக்கணும் சார். ரெண்டு வீடு முன்னாடியே மரவாடிப் பக்கமா வளைச்சுக்கிட்டுப் போங்க. வண்டிக்குக் கூடக் கொஞ்சம் டீசல் ஆவும். ஆவட்டும்."

இப்படிச் சொன்னாயாமே! கூட்டமே சிரித்ததாம். எனக்கும் தெரியும் என்று நினைத்துத் தெருவில் யாரும் சொல்லவில்லையாம். அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். சவரியம்மாளைக் கூப்பிட்டு, "முழுசாக் கேட்டுட்டு எழுந்து போவக் கூடாதாடி?" என்று ஒரு பிடி பிடித்தேன்.

மரவாடிக்காரர் சின்னையன் வெகு நாளாகப் பூட்டிக் கிடக்கும் தன் மரக்கடை இடத்தைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். அதனால் வளைவுதான் முடிவாகிவிட்டது. எனக்கு முன் மதிலும் குழாயடியும் மட்டும் போகிறது, வீடு நிற்கிறது. வாசலை ஒட்டி வண்டி வருமே என்று கேட்டேன். வேகத்தடை போடுவார்களாம், என் வாசல் ஓரமாக நடைபாதையும் வருகிறதாம். இருக்கட்டும், எனக்கும் பழகத் தெரியாதா?

இன்னொரு வேடிக்கை. தெரு இனிமேல் என் வாசலில் வந்து முட்டாது. பக்கவாட்டில் உரசிக்கொண்டு திரும்பிப் போய்விடும். தெருக்குத்தே இல்லை! உன் வாயாலேயே அதைத் தீர்த்து வைத்துவிட்டாய். இனி எந்தச் சாக்கைச் சொல்லி என்னைச் சிதம்பரத்துக்குக் கூப்பிடுவாய், பார்க்கிறேன்.

உன் மேல் கோபப்பட்டதற்கு மன்னித்துக்கொள். உடனே பதில் போடு.

உன் அக்கா,
தங்கம்மாள்

கடலூர்,
22.9.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று மே மாதத்திலிருந்து எனக்குத் தெரியாது. முன்பு நான் எழுதாமல் உன்னைப் படுத்தினேன், இப்போது நீ படுத்துகிறாய்.

மதிலை இடித்தாகிவிட்டது. பிள்ளையாரை வளைவு ஓரத்தில் அந்தோணிசாமி அண்ணனே தூக்கிவந்து வைத்தார். ஜல்லி கொட்டியதுமே இரண்டு சக்கர வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. முதல் நாள் வெளியே கால் வைக்கப் பயமாக இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வண்டியை நிறுத்தி மாவு வாங்குகிறார்கள். மேல்பட்டாம்பாக்கம் வரைக்கும் என் மாவு போகிறது என்றால் பார்த்துக்கொள். முதுகு ஒடிகிறது, ஆனால் பிடித்திருக்கிறது.

அப்படி மாவு வாங்க வந்தவர்தான் பாலகுமார். உன் பஸ்ஸில் டிரைவராக இருந்தாரே, அவரேதான். என்னைக் கண்டுகொண்டு வண்டியை ஸ்டாண்டு போட்டார். உன்னைப் பற்றிக் கேட்டேன். "அண்ணன் தினம் காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உக்காந்துக்கறாரு. வர்ற வண்டி போற வண்டிக்காரங்களோட நாலு வார்த்தை பேசுவாரு. மத்தியானத்துக்கு மேலதான் வீட்டுக்குப் போவாரு. வீட்ல யாரு இருக்காங்க அவருக்கு?" என்றார். இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அவருக்கு மீதிச் சில்லறை கொடுக்க மறந்துவிட்டேன்.

தம்பி, நான் மக்கு. நீ தெருக்குத்து என்று எழுதினாய், காது என்று எழுதினாய், நெஞ்சு வலி என்று எழுதினாய். எல்லாம் என்னைப் பற்றி என்று நம்பிப் பதிலுக்குப் பதில் வாயடித்துக்கொண்டிருந்தேன். தனியாக இருக்கப் பயம் எனக்கில்லை, உனக்கு. அப்படி இருந்தும் அன்றைக்கு எழுந்து நின்று என் வீட்டைக் காப்பாற்றினாய். என்னை ஜெயிக்க வைத்துவிட்டு நீ பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருக்கிறாய். அதற்கு மேல் நான், இனி எந்தச் சாக்கு என்று கேலி வேறு செய்தேன். நீ ஏன் எழுதவில்லை என்று இப்போது தெரிகிறது.

என்னால் இந்தத் தெருவை விட்டு வர முடியாது, அது உனக்கும் தெரியும். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாயோ என்று தயக்கமாக இருக்கிறது. சொந்த வீடு உள்ள ஆம்பிளை நீ. நீயே யோசித்து எழுது.

உன் அக்கா,
தங்கம்மாள்

சிதம்பரம்,
11.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டர் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. நான் நலம் என்று எழுதுவதா வேண்டாமா என்பதிலேயே நாள் போய்விட்டது. நலம்தான், உடம்பு.

அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்தது, நேராகப் போட்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான். வீடு போனால் நீ இங்கே வந்துதானே ஆக வேண்டும். பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ரோடு வேண்டும் என்ற வரைக்கும் சரியாகத்தான் சொன்னேன். அப்போது நீ திரும்பிப் பார்த்தாய். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, நான் சொல்வது கேட்காதா என்று பார்த்தாய். அதற்கு மேல் வேறு விதமாகத்தான் பேச வந்தது. பேசியதில் எனக்கு வருத்தம் இல்லை அக்கா. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோதுதான், இனி நீ வரவே மாட்டாய் என்று உறைத்தது.

பாலகுமார் சொன்னது நிஜம். காலையில் எழுந்தால் பேச ஆளில்லை. ஓசூருக்குப் போனால் அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், அங்கே பஸ் ஸ்டாண்டுகூடத் தூரம். மங்கை இருந்தபோது வீட்டில் இருக்கும் நேரம் எல்லாம் சண்டைதான் போட்டோம். அதுகூட எவ்வளவு பெரிய துணை என்று இப்போது தெரிகிறது.

இத்தனை மாதமாக வந்துவிடு, வந்துவிடு என்று எழுதியவன் இதை எழுத எவ்வளவு கூச்சப்படுகிறேன் என்று உனக்குத் தெரியாது. கீழ் அறையை யூனிவர்சிட்டியில் படிக்கிற பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். கிரைண்டரில் போடவும் வழிக்கவும் எனக்குத் தெரியும். பாக்கெட் போட்டுக் கொடுக்கிறேன், வண்டிக்காரர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஓரமாக ஒரு கட்டில் போட இடம் இருந்தால் போதும்.

அக்கா, நான் வரட்டுமா?

உன் தம்பி,
பழனிவேல்

கடலூர்,
14.10.2025

தம்பிக்கு,

உன் லெட்டர் இன்று காலை வந்தது. மத்தியானமே பதில் போடுகிறேன், தபால் பெட்டி வரைக்கும் நானே நடக்கப் போகிறேன்.

ஓரமாகக் கட்டில் போட நீ என்ன பேயிங் கெஸ்டா? தெருப் பக்கத்து அறை உனக்கு. ஜன்னலைத் திறந்தால் போகிற வருகிற வண்டி எல்லாம் தெரியும், யாரையும் திட்டலாம். சவரியம்மாள் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், கோழிக் குழம்பு வைக்கப் போகிறாளாம். தீபாவளிக்கு முன்னால் வந்துவிடு. மழைக்காலம், குடையோடு வா.

இனி ஒரு தரம் வரட்டுமா என்று கேட்டால் அடிப்பேன். இரண்டு நாள் தங்கிப் போகிற மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்காதே. ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு வா.

உன் அக்கா,
தங்கம்மாள்